ஆஞ்சைனா மாத்திரை எது எதுக்கு? டர்பனுக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

2023ல லோட் ஷெடிங்னு இங்க சொல்ற கரண்ட் கட் தினமும் மணிக்கணக்கா நடந்துட்டு இருந்தப்ப தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஓவர்போர்ட்ங்கற ஏரியாவுல எங்க பிளாட்ல லிஃப்ட் நின்னுபோச்சு, எங்களுக்கு அஞ்சாவது மாடி, கையில பத்து கிலோ அரிசி. மூணாவது மாடித் திருப்பத்துல நெஞ்சு நடுவுல யாரோ முழங்கையை ஊனி அழுத்துற மாதிரி ஒரு பாரம், தாடை வரைக்கும் ஏறிச்சு. பையை வச்சுட்டு நின்னேன், ரெண்டு மூணு நிமிஷத்துல போயிடுச்சு. வாயுதான்னு நினைச்சு ஓமத்தண்ணி குடிச்சேன், அப்புறம் மூணு வாரம் ஓமத்தண்ணியிலயே வண்டிய ஓட்டினேன், படி ஏறுனா வரும், நின்னா போகும். வீட்டுக்காரி திட்டி இழுத்துட்டுப் போனதுக்கப்புறம்தான் அது ஆஞ்சைனான்னு தெரிஞ்சுது.

இப்ப ஊர்லேர்ந்து வேலைக்கு வந்தவங்க, அப்பா அம்மாவக் கூட்டிட்டு வந்தவங்கன்னு யாராவது போன் பண்ணி "அண்ணே, நீங்க என்ன மாத்திரை போடுறீங்க, அது நல்லதா இது நல்லதா"ன்னு கேக்காத வாரமே கிடையாது. நான் டாக்டர் இல்ல, கணக்கு எழுதுற ஆளு, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல இந்த டப்பாவோட குடித்தனம் பண்ணி, எழுதிக்குடுத்த ஒவ்வொரு மாத்திரைக்கும் ஏன் எதுக்குன்னு டாக்டரையும் பார்மசி அக்காவையும் நச்சரிச்சு கேட்டு வச்சிருக்கேன். அதுல புரிஞ்ச ஒரே விஷயம், எது நல்ல மாத்திரைன்னு கேக்குறதே தப்பு, எந்த மாத்திரை என்ன வேலை பாக்குது, அந்த வேலை என் உடம்புக்கு ஒத்துவருமான்னுதான் கேக்கணும். என் மாத்திரை உங்களுக்கு விஷமாக்கூட இருக்கலாம், சும்மா பேச்சுக்குச் சொல்லல, கீழ படிச்சீங்கன்னா தெரியும்.

முதல் படி: மாத்திரைய ஒப்பிடறதுக்கு முன்னாடி வலிய ஒப்பிடுங்க

ஆஞ்சைனாங்கறது நோய் இல்ல, அது ஒரு கூப்பாடு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் சுருங்கிப்போயிருக்கு, சும்மா உக்காந்திருக்கப்ப வர்ற ரத்தம் போதும், படி ஏறுனா, கோவப்பட்டா, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே நடந்தா போதாது, அப்ப நெஞ்சு கத்துது. இத்தனை படி ஏறுனா வரும், நின்னா அஞ்சு நிமிஷத்துல போகும்னு ஒரு கணக்கா இருந்தா அது நிலையான ஆஞ்சைனா, அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சும்மா படுத்திருக்கப்பவே வந்தா, போன மாசம் மூணு மாடி ஏறுனா வந்தது இப்ப பாத்ரூம் போனாலே வந்தா, இல்ல புதுசா வந்து வேகமா மோசமாயிட்டே போனா, இதப் படிக்கறத நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, இன்னைக்கே. வேர்வை, வாந்தி, மூச்சுத்திணறலோட வலி நிக்கவே இல்லன்னா 10177, செல்போன்லேர்ந்துன்னா 112. நம்ம ஊரு 108 இங்க வேலை செய்யாது, புதுசா வந்தவங்க இந்த ரெண்டு நம்பரையும் ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டுங்க. சக்கரை இருக்கறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வலியே இல்லாம வெறும் மூச்சுவாங்கலாவோ அசதியாவோ கூட வரலாம், இதையும் மனசுல வச்சுக்கோங்க.

ரெண்டாவது படி: மேஜையில மூணு குவியல் போடுங்க

ஒரு சாயங்காலம் உங்க மாத்திரை எல்லாத்தையும் சாப்பாட்டு மேஜையில கொட்டுங்க. முதல் குவியல், வலி வந்தா உடனே அமத்துறது. ரெண்டாவது, வலி வராம தடுக்கறது. மூணாவது, வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா மாரடைப்பு வராம காக்கறது. நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா மூணாவது குவியல நிறுத்திடறது, ஏன்னா அதப் போட்டாலும் போடாட்டியும் உடம்புல ஒண்ணும் தெரியாது. அதுல இருக்கறது ரத்தம் கட்டியாகாம தடுக்கற ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால குறைக்கற ஸ்டேட்டின். வலிய நிறுத்தறது ரெண்டாவது குவியல், உயிரக் காப்பாத்தறதுல பெரிய பங்கு மூணாவது குவியலுக்கு. எனக்கு இது புரிய ஆறு மாசம் ஆச்சு, கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சுன்னு ஸ்டேட்டின நானே நிறுத்தி டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். "மாத்திரை போடறதாலதான்பா நார்மலா இருக்கு"ன்னார்.

மூணாவது படி: நாக்குக்கு அடியில வைக்கறது

ஊர்ல சார்பிட்ரேட்டுன்னா எல்லாருக்கும் தெரியும், தாத்தா சட்டைப் பையில இருக்கும். இங்க அத கேட்டீங்கன்னா கவுண்டர்ல முழிப்பாங்க, இங்க ஐசார்டில்னு கேளுங்க, ரெண்டும் ஒரே மருந்து, ஐசோசார்பைட் டைநைட்ரேட், 5 மில்லிகிராம். இன்னொண்ணு கிளிசரில் டிரைநைட்ரேட் ஸ்பிரே. ரெண்டுல எது தேவலைன்னா, ஸ்பிரே ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வேலையக் காட்டும், அரை மணி ஒரு மணி நேரத்துல தீந்துரும், நாக்குக்கு அடியில வைக்கற ஐசார்டில் கொஞ்சம் மெதுவா அஞ்சு நிமிஷம் கிட்ட எடுக்கும், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கும். வாய் காஞ்சுபோற வயசானவங்களுக்கு மாத்திரை கரையவே நேரமாகும், அவங்களுக்கு ஸ்பிரேதான் வசதி, விலைதான் கூட. கிளிசரில் டிரைநைட்ரேட்ல மாத்திரையும் உண்டு, அது கண்ணாடி பாட்டில்லயேதான் இருக்கணும், திறந்து ரெண்டு மாசத்துல வீரியம் போயிடும், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தக் கூடாது.

போடுற விதம் முக்கியம். உக்காந்துட்டுப் போடுங்க. நின்னுட்டுப் போட்டா பிரஷர் சடக்குனு இறங்கி விழுவீங்க, நான் சமையல்கட்டுல நின்னுட்டே அடிச்சு அப்படியே செவுத்தோட சரிஞ்சு உக்காந்துருக்கேன், மிக்ஸி ஓடிட்டே இருக்கு, நான் கீழ. முழுங்கக் கூடாது, மெல்லக் கூடாது, நாக்குக்கு அடியில. தலை விண்ணுன்னு வலிக்கும், முகம் சூடாகும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், பாரசிட்டமால் போட்டுக்கலாம். அஞ்சு நிமிஷம் கழிச்சும் வலி போகலன்னா இன்னொண்ணு போட்டுட்டு ஆம்புலன்ஸ கூப்புடுங்க, மூணாவது வரைக்கும் போகலாம், அதுக்கு மேல வீட்டுல வச்சுப் பாக்கற வேலையே கிடையாது.

அப்புறம் வெக்கப்படாம சொல்ல வேண்டிய ஒண்ணு. வயாக்ரா வகையறா மாத்திரை போட்டவங்க நைட்ரேட்ட, அதாவது மேல சொன்ன ஐசார்டில், ஸ்பிரே மாதிரி மருந்த, தொடவே கூடாது. சில்டெனாஃபில்னா 24 மணி நேரம், டடலாஃபில்னா 48 மணி நேரம். ரெண்டும் சேந்தா பிரஷர் அதல பாதாளத்துக்குப் போகும், ஆள் செத்துருவாங்க. நம்ம ஆளுங்க இத டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்காளேன்னு. தனியாப் போய்க்கூட சொல்லுங்க, ஆம்புலன்ஸ் ஆளுகிட்டயும் சொல்லணும்.

நாலாவது படி: வராம தடுக்கற மாத்திரை, நிஜமான ஒப்பீடு இங்கதான்

இதுல உங்க நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு, சக்கரை இந்த நாலையும் பாத்துத்தான் டாக்டர் எடுப்பார். அதனால ஒரு வாரம் வீட்டுல பிரஷர் மிஷின்ல காலையிலயும் ராத்திரியும் பாத்து எழுதிட்டுப் போங்க, அந்தக் காகிதம் இல்லாம டாக்டரும் பாதி ஊகத்துலதான் எழுதணும்.

பெரும்பாலும் முதல்ல வர்றது பீட்டா பிளாக்கர். அட்டெனலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் எல்லாம் இந்தக் குடும்பம். இதயம் ஓடுற வேகத்தையும் அடிக்கற வலுவையும் குறைக்கும், வேலை குறைஞ்சா ரத்தம் கேக்கறதும் குறையும், கணக்கு அவ்வளவுதான். உக்காந்திருக்கப்ப துடிப்பு 55லேர்ந்து 60க்குள்ள வந்தா சரியா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்வார். துடிப்பு வேகமா இருக்கறவங்க, ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க, இவங்களுக்கு நல்ல துணை. ஆனா ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சுக்குழாய இறுக்கிடும், என் மாத்திரை உங்களுக்கு விஷம்னு சொன்னேன்ல, இதுதான் அது. இன்சுலின் போடறவங்களுக்கு சக்கரை இறங்குறப்ப வர்ற படபடப்ப மறைச்சிடும், வேர்வை மட்டும்தான் அறிகுறியா மிஞ்சும், அதனால வேர்த்தா உடனே சக்கரை பாருங்க. கை கால் சில்லுனு இருக்கும், முதல் ரெண்டு வாரம் உடம்பு ஈரத்துணி மாதிரி கனக்கும், ஆம்பளைங்களுக்கு வேற தொந்தரவும் வரலாம். எனக்கு அசதிதான் பெருசு, ஆபீஸ்ல மதியம் மூணு மணிக்கு கண்ணு சொருகிடும், மாத்திரைய ராத்திரிக்கு மாத்துனதும் தேவலையாச்சு, டாக்டர கேட்டுத்தான் மாத்துனேன்.

இத திடீர்னு நிறுத்தவே கூடாது, மாத்திரை தீந்துபோச்சு திங்கக்கிழமை வாங்கிக்கலாம்னு விடக்கூடாது. கட்டி வச்ச மாட்ட சட்டுனு அவுத்துவிட்ட மாதிரி இதயம் பிச்சுக்கிட்டு ஓடும், ஆஞ்சைனா கூடும், மாரடைப்பே வரலாம். நிறுத்தணும்னா வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க.

அடுத்தது ஆம்லோடிபின். இது துடிப்ப தொடாது, குழாய விரிச்சுவிடும், பிரஷர இறக்கும். ஆஸ்துமாக்காரங்க தாராளமா போடலாம், துடிப்பு ஏற்கனவே மெதுவா இருக்கறவங்களுக்கும் சரி. குழாய் திடீர்னு தானா சுருங்கி விடியக்காலையில வலி வர்ற ஒரு வகை ஆஞ்சைனா இருக்கு, அதுக்கு பீட்டா பிளாக்கர் ஆகாது, இந்தக் குடும்பம்தான் சரி. நாளைக்கு ஒரு தடவை, ஒரு வேளை விட்டாலும் பெருசா தள்ளாடாது, ரொம்ப நேரம் உடம்புல நிக்கும். கெட்டது என்னன்னா கணுக்கால் வீக்கம். சாயங்காலம் செருப்பு வார் தடம் பதிஞ்சு நிக்கும், கிட்னி போச்சோன்னு பயந்துருவாங்க, கீழ் வீட்டுப் பாட்டி அப்படித்தான் பயந்து நீர்மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டாங்க, ஒண்ணும் கேக்கல, ஏன்னா அது உடம்புல நீர் கூடிப் போனதால வர்ற வீக்கம் இல்ல, குழாய் விரியறதால வர்றது. அளவ குறைச்சதும் வடிஞ்சுது.

வெராபமில், டில்டியசெம் ரெண்டும் ஆம்லோடிபினுக்கு ஒண்ணு விட்ட அண்ணன் தம்பி, குழாயையும் விரிக்கும் துடிப்பையும் குறைக்கும். ஆஸ்துமா இருக்கு, துடிப்பும் வேகம், அப்ப பீட்டா பிளாக்கருக்குப் பதிலா இத எடுப்பாங்க. வெராபமில் மலச்சிக்கல உண்டாக்கும், சும்மா இல்ல, நாள் கணக்குல. இதயம் பலவீனமா பம்ப் பண்றவங்களுக்கு ரெண்டுமே ஆகாது. பீட்டா பிளாக்கரோட சேந்தா துடிப்பு ஒரேயடியா இறங்கி நின்னுபோற அபாயம் இருக்கு, ரெண்டு டாக்டர்கிட்ட போறவங்க ஒருத்தர் குடுத்தத இன்னொருத்தர்கிட்ட சொல்லாம விட்டா மாட்டிக்கறது இங்கதான்.

இனி நீண்டநேர நைட்ரேட், ஐசோசார்பைட் மோனோநைட்ரேட். இதுல என் கதை ஒண்ணு இருக்கு. எனக்கு 20 மில்லிகிராம் நாளைக்கு ரெண்டு வேளைன்னு எழுதினாங்க, அப்ப வாங்குன பார்மசில லேபிள்லயும் நாளைக்கு ரெண்டுன்னு மட்டும் அடிச்சுக் குடுத்தாங்க. ரெண்டு வேளைன்னா நம்ம புத்திக்கு காலை எட்டு ராத்திரி எட்டு. முதல் வாரம் தலைவலி மண்டைய பொளந்துச்சு, வலி மட்டும் வரவே இல்ல. மூணாவது வாரம் தலைவலி போச்சு, சந்தோஷப்பட்டேன், ஆனா படியில பழைய பாரம் திரும்பி வந்துடுச்சு. வேற ஒரு சின்னக் கடையில, அங்க இருக்கற அக்கா நாலாம் தலைமுறை டர்பன்காரங்க, தமிழ்ல வணக்கம், சாமி, தண்ணி இவ்வளவுதான் வரும், மத்ததெல்லாம் இங்கிலீஷ், அவங்க லேபிளப் பாத்துட்டு எத்தனை மணிக்குப் போடறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு பேனாவ எடுத்து டப்பா மேலயே பெருசா 8, 2ன்னு எழுதினாங்க. காலை எட்டு, மதியம் ரெண்டு.

ஏன்னா நைட்ரேட் இருபத்துநாலு மணி நேரமும் ரத்தத்துல இருந்தா உடம்பு அதுக்குப் பழகிடும், அப்புறம் வேலையே செய்யாது. ராத்திரி முழுக்க இடைவெளி விட்டா காலையில திரும்ப புதுசா வேலை செய்யும். இது பழைய கதை. டைனமைட் ஃபேக்டரிங்கள்ல வேலை பாத்தவங்களுக்கு திங்கக்கிழமை ஆனா தலைவலி வரும், வாரம் போகப் போக பழகிப் போயிடும், ஞாயித்துக்கிழமை லீவுல உடம்பு மறந்துட்டு திங்கக்கிழமை திரும்ப வலிக்கும், டைனமைட்டுக்குள்ள இருக்கறதும் ஸ்பிரேல இருக்கற அதே கிளிசரில் டிரைநைட்ரேட்தான், அதோட இன்னொரு பேருதான் நைட்ரோகிளிசரின். ஜோகன்னஸ்பர்க் பக்கம் மோடர்ஃபொன்டைன்ல அப்படி ஒரு பெரிய ஃபேக்டரி 1896ல திறந்தாங்க. அதே 1896ல டைனமைட்ட கண்டுபிடிச்ச ஆல்ஃபிரட் நோபெலுக்கே நெஞ்சுக்கு டாக்டருங்க நைட்ரோகிளிசரின எழுதிக்குடுத்தாங்க, அந்த வருஷ டிசம்பர்ல ஆள் போயிட்டார். டப்பா மேல எழுதின 8, 2ஐ பாக்கறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். சிலருக்கு 60 மில்லிகிராம் மெதுவா கரையற மாத்திரை காலையில ஒரே ஒண்ணு குடுப்பாங்க, அதுலயும் ராத்திரி இடைவெளி தானா கிடைச்சுடும், அத உடைச்சோ நுணுக்கியோ போடாதீங்க.

மிச்சம் இருக்கறத சீக்கிரம் சொல்லிடறேன், இதெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் எடுக்கற ரெண்டாங்கட்ட ஆயுதம். ஐவாப்ராடின் துடிப்ப மட்டும் குறைக்கும் பிரஷர தொடாது, துடிப்பு 70க்கு மேல சீரா இருக்கறவங்களுக்கு, கண்ணுல மின்மினி மாதிரி வெளிச்சம் தெரியலாம், ராத்திரி எம்13ல வண்டி ஓட்டறவங்க ஜாக்கிரதை, வெராபமில் டில்டியசெமோட சேக்கவே கூடாது. ரேனோலசின் துடிப்பையும் பிரஷரையும் தொடாம வேலை பாக்கும், அதனால பிரஷர் குறைவா இருக்கறவங்களுக்கு வசதி, ஆனா ஈசிஜி பாத்துத்தான் குடுப்பாங்க, மலச்சிக்கல் உண்டு, சக்கரைக்கு மெட்ஃபார்மின் கூடுதல் அளவுல போடறவங்க சொல்லணும். நிக்கோரண்டில் வாயில ஆறாத புண் உண்டாக்கலாம், வயாக்ரா தடை இதுக்கும் உண்டு. டிரைமெட்டாசிடின் வயசானவங்களுக்கு கை நடுக்கம் கொண்டுவரலாம், பார்கின்சன் இருந்தா ஆகாது. இந்த நாலையும் ஊர்லேர்ந்து போட்டுட்டு வர்றவங்க நிறைய, எல்லாமே இங்க கிடைக்கும்னு நம்பி வராதீங்க, வந்த முதல் வாரமே டாக்டரப் பாத்து பதிலுக்கு என்னன்னு கேட்டுருங்க.

அப்ப ஸ்டென்ட் வச்சுட்டா இந்தத் தலைவலி எல்லாம் தீருமான்னு கேப்பீங்க. நிலையான ஆஞ்சைனாவுல எல்லாருக்கும் அவசரம் இல்ல. 2020ல வெளியான இஸ்கிமியாங்கற ஆராய்ச்சியில 5179 பேர வச்சுப் பாத்தாங்க, மருந்து மட்டும் போட்டவங்களுக்கும் உடனே ஸ்டென்ட் பைபாஸ்னு போனவங்களுக்கும் சாவு மாரடைப்புல பெருசா வித்தியாசம் வரல, வலி குறையறதுல மட்டும் ஸ்டென்ட் பக்கம் கை ஓங்கிச்சு. இடது பெரிய குழாயில அடைப்பு இருந்தவங்கள அந்த ஆராய்ச்சியில சேக்கல, அது வேற கணக்கு.

அஞ்சாவது படி: பேர மாத்திக்கங்க, மருந்த மாத்தாதீங்க

ஊர் பேரு இங்க எடுபடாது. எகோஸ்பிரின் 75 இங்க எகோட்ரின் 81, இல்ல டிஸ்பிரின் சிவி 100, எல்லாமே ஆஸ்பிரின்தான். ஊர்ல ஆம்லாங், இங்க ஆம்லாக், சிரிப்பா இருக்கும் ஆனா ரெண்டும் ஆம்லோடிபின்தான். அட்டெனலாலுக்கு இங்க டெனார்மின், டென்-ப்ளோக்கான்னு பேரு. பிசோப்ரோலாலுக்கு மட்டும் ரெண்டு ஊர்லயும் கான்கார்தான். அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி அட்டைய திருப்பி பின்னாடி சின்ன எழுத்துல இருக்கற மருந்து பேரையும் மில்லிகிராமையும் ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. ஊர்ல ஒரே மாத்திரையில ரெண்டு மூணு மருந்து சேத்து விப்பாங்க, அத பிரிச்சு எழுதலன்னா ஒரே மருந்த ரெண்டு தடவை போட்டுருவீங்க, என் சிநேகிதனோட அப்பா ரெண்டு பேர்ல அட்டெனலால் போட்டு துடிப்பு 42ல வந்து நின்னார்.

மருதம்பட்டை பொடி கொண்டு வர்றவங்க, பூண்டு மாத்திரை போடறவங்க, இங்க மார்க்கெட்ல யாரோ சொன்ன வேர் வாங்கிக் குடிக்கறவங்க, அதையும் அந்தத் தாள்லயே எழுதுங்க, டாக்டர் திட்ட மாட்டார். கிரேப்ஃப்ரூட் இங்க மலிவா கிடைக்குது, உடம்புக்கு நல்லதுன்னு தினம் ஜூஸ் போடறாங்க, வெராபமில், ஆம்லோடிபின் குடும்பத்து நிஃபெடிபின், ஐவாப்ராடின், ஸ்டேட்டின்ல ஒண்ணான சிம்வாஸ்டேட்டின் போடறவங்களுக்கு ஆகாது, மருந்து ரத்தத்துல ஏறிடும். சிம்வாஸ்டேட்டின் போடறவங்க ஆம்லோடிபின் சேந்தா 20 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, வெராபமிலோ டில்டியசெமோ சேந்தா 10, தொடை தசை காரணமில்லாம வலிச்சா உடனே சொல்லுங்க.

ஆறாவது படி: காசு, கியூ, ஸ்கீம்

இந்த மாத்திரைங்கள்ல பெரும்பாலும் இங்க ஷெட்யூல் 3, சீட்டு இல்லாம தரமாட்டாங்க, ஊர்ல மாதிரி பழைய அட்டையக் காட்டி வாங்க முடியாது. ஒரு சீட்டுக்கு ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம் வாங்கலாம், ரிபீட்னு எழுதிக்கேளுங்க, இல்லன்னா ஒவ்வொரு மாசமும் டாக்டர் ஃபீஸ். மருந்து கம்பெனி விலை நாடு முழுக்க ஒண்ணுதான், 2004லேர்ந்து அப்படித்தான், அதுக்கு மேல கடைக்காரர் போடற டிஸ்பென்சிங் ஃபீஸ்ல தான் வித்தியாசம் வரும், அதனால நாலு கடைக்குப் போன் பண்ணி அத மட்டும் கேளுங்க. ஜெனரிக் இருந்தா பார்மசிஸ்ட் உங்ககிட்ட சொல்லியே ஆகணும், 1965ஆம் வருஷத்து 101ஆம் நம்பர் மருந்துச் சட்டத்துல இருக்கு, சொல்லலன்னா நீங்களே கேளுங்க. பீட்டா பிளாக்கர், ஆம்லோடிபின்ல ஜெனரிக் போட்டு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, மாசம் மாசம் கம்பெனி மாத்தி மாத்தித் தராம ஒண்ணுலயே நில்லுங்க, மாத்திரை நிறம் மாறுனா வயசானவங்க குழம்பிப் போறாங்க.

மெடிக்கல் ஸ்கீம்ல, அதாவது இங்கத்த மருத்துவக் காப்பீட்டுல இருக்கறவங்களுக்கு, இதயக் குழாய் நோய் கட்டாயம் குடுக்க வேண்டிய 26 நாள்பட்ட நோய் பட்டியல்ல இருக்கு, எந்த பிளானா இருந்தாலும் சரி. ஆனா தானா கிடைக்காது, டாக்டர் ஒரு குரானிக் ஃபாரம் நிரப்பி அனுப்பணும், அனுப்பாம விட்டா அன்றாட செலவுக் கணக்குலேர்ந்து வெட்டிருவாங்க, ஜூன் மாசத்துலயே அந்தக் கணக்கு காலி, எனக்கு முதல் வருஷம் அப்படித்தான் ஆச்சு. அவங்க பட்டியல்ல இல்லாத மருந்துன்னா மிச்சத்த நீங்க கட்டணும், ஆனா பட்டியல்ல இருக்கற மருந்து உங்களுக்கு ஒத்துக்கல, உதாரணத்துக்கு ஆஸ்துமா, அப்படின்னா டாக்டர் கடிதத்தோட கேட்டா மாத்து மருந்தக் குடுக்கணும். புதுசா நாட்டுக்கு வந்து சேர்றவங்களுக்கு மூணு மாசம் பொதுக் காத்திருப்பு, ஏற்கனவே இருக்கற நோய்க்கு பன்னெண்டு மாசம் வரைக்கும் காத்திருப்பு போடலாம், 35 வயசுக்கு மேல முதல்தடவை சேந்தா பிரீமியமும் கூடலாம். அதனால அப்பா அம்மாவக் கூட்டிட்டு வர்றவங்க அந்த ஒரு வருஷ மருந்துச் செலவ முன்னாடியே ஒதுக்கி வைங்க.

ஸ்கீம் இல்லன்னா அரசு கிளினிக், சாட்ஸ்வர்த் பக்கம்னா ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி, பெரிய சிகிச்சைன்னா அங்கேர்ந்து ஆல்பர்ட் லுத்துலிங்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அங்க அடிப்படை மருந்துப் பட்டியல் படிதான் தருவாங்க, ஆஸ்பிரின், அட்டெனலால், ஆம்லோடிபின், ஐசோசார்பைட், ஒரு ஸ்டேட்டின். மட்டமான மருந்துன்னு நினைக்காதீங்க, மேல நான் சொன்ன முக்கியமான வேலை எல்லாத்தையும் இந்த அஞ்சுமே பாத்துடும். கியூதான் கொடுமை, விடியக்காலையில போய் உக்காரணும், சாப்பாடும் காலை மாத்திரையும் கையில எடுத்துட்டுப் போங்க, வெறும் வயித்துல மாத்திரையும் போடாம கியூவுல மயங்கி விழுந்தவங்கள பாத்திருக்கேன். நோய் கட்டுக்குள்ள வந்ததும் வெளியில பக்கத்துல இருக்கற பிக்கப் பாயின்ட்லயே மருந்த வாங்கிக்கற திட்டம் இருக்கு, கேட்டாத்தான் சேப்பாங்க.

ஏழாவது படி: நோட்டு

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். தேதி, என்ன பண்ணிட்டிருந்தப்ப வலி வந்துச்சு, எத்தனை நிமிஷம், ஸ்பிரே எத்தனை, துடிப்பு எவ்வளவு. போன வருஷம் குட் ஃபிரைடே அன்னைக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில் வரிசையில வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னப்ப எனக்கு வந்துச்சு, விரதம்னு காலை மாத்திரைய விட்டுட்டேன். அத எழுதியிருந்தேன், டாக்டர் படிச்சுட்டு, மாத்திரைய கூட்ட வேண்டியதில்ல, விடாம போடு, மாத்திரையும் தண்ணியும் எடுத்தா விரதம் கெடாதுன்னார். நோட்டு இல்லன்னா இன்னொரு மாத்திரை கூடியிருக்கும். காவடி எடுக்கறவங்க, தீ மிதிக்கறவங்க விரதம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திரை நேரத்த டாக்டரோட பேசி வச்சுக்கோங்க. துடிப்பு 50க்குக் கீழ போய் தலைசுத்துனா, கால் வீங்குனா, மூச்சு வாங்குனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணுங்க.

ஊருக்குப் போய்ட்டு வர்றப்ப பெட்டி நிறைய மாத்திரை வாங்கி வர்றவங்களுக்கு, சொந்த உபயோகத்துக்கு ஒரு மாசத்துக்குத்தான் அனுமதி, டாக்டர் சீட்டும் கூட இருக்கணும், தபால்ல அனுப்பச் சொல்லி வாங்கறதும் ஆகாது. கைப்பையில வைங்க, பெரிய பெட்டியில போட்டா பெட்டி ஒரு ஊரு நீங்க ஒரு ஊருன்னு ஆயிடும். ஸ்பிரே ரெண்டு வாங்குங்க. பிப்ரவரி வெக்கையில கார் டாஷ்போர்டுல விட்டுடாதீங்க, மருந்தும் கெடும், ஸ்பிரே டப்பாவும் சூட்டுக்கு ஆகாது. என்னோடது சட்டைப் பையில, இன்னொண்ணு வீட்டுக்காரி கைப்பையில, அதுல வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி காலாவதித் தேதிய அவளே எழுதி வச்சிருக்கா. இப்பவும் லிஃப்ட் நின்னா கீழ வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்து ஒரு தடவை அடிச்சுட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் ஏற ஆரம்பிப்பேன், டாக்டர் சொல்லிக்குடுத்த வழி அது, அரிசி மூட்டைய மட்டும் எதிர்வீட்டுப் பையன் தூக்கிட்டு வந்துருவான்.